கிணற்று ஆமைக்கு வாடகை வீடு

என் மனைவியும் அந்த ஆமையும் ஒரே வயது. திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் என் மாமனார் கிணறு வெட்டிய வருஷம்தான் அவள் பிறந்தாள். தண்ணீர் சுத்தமாக இருக்கட்டும் என்று அதே வருஷம் கிணற்றில் ஓர் ஆமைக்குஞ்சை விட்டார்கள். புழு பூச்சியைத் தின்றுவிடும் என்று எங்கள் பக்கம் அப்படி விடுவது வழக்கம். அவள் தரையிலும் அது தண்ணீரிலுமாக வளர்ந்தார்கள். எங்கள் கல்யாணச் சாப்பாட்டில் குறை சொல்லாத ஒரே உறவு என்பதால் எனக்கு அதன்மேல் தனி மரியாதை உண்டு.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம் மழை பொய்த்தது. கிணறு அடிவரை வற்றிச் சேறு வெடித்துவிட்டது. மாமனார் ஆமையை வாளியில் போட்டு, ஈரச் சாக்கால் மூடி, பஸ் ஏறி விழுப்புரம் வந்து எங்கள் வாசலில் இறங்கினார்.

"கெணத்துல தண்ணி ஊறற வரைக்கும் இங்கியே இருக்கட்டும் மாப்ள. அப்புறம் நானே வந்து தூக்கினு போறேன். உசுரோட குடுத்தா போதும்."

போகும்போது வாசலில் திரும்பி நின்று, "உசுரோட" என்று இன்னொரு முறை சொன்னார். துளசிச் செடியையே பட்டுப்போக வைத்த மாப்பிள்ளை என்ற என் புகழ் அதற்குள் அந்த ஊர்வரை போயிருந்தது.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். எங்களுக்குப் பின்கட்டை வாடகைக்கு விட்டு முன்கட்டில் இருந்த வீட்டுக்காரம்மாவுக்கு அதில் பாதி சொந்த அனுபவம். அவர் புருஷன் இருந்த காலத்தில் ஏதோ வழக்கில் கோர்ட் அமீனா வந்து கட்டில், பீரோ, அண்டா எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிப் போயிருக்கிறான். மீதிப் பாதியை இப்போது நான் வாளியில் வைத்துக்கொண்டு நின்றேன்.

பின்கட்டில் எங்களுக்கென்று ஒரு குளியலறை இருந்தது. ஜன்னல் கிடையாது. அதிலிருந்த சிமெண்டுத் தொட்டியில் ஆமையை விட்டுக் கதவைச் சாத்தினோம். வீட்டுக்காரம்மா பின்பக்கம் வரும்போதெல்லாம் நான் உள்ளே போய்த் தாழ்போட்டுக்கொள்வேன்.

"ஊரே தண்ணிக்குப் பேஜாரா கீது, உம் வூட்டுக்காரரு இன்னாம்மா எந்நேரமும் குளிச்சினே கீறாரு?"

"அவருக்குச் சூட்டு ஒடம்புக்கா" என்றாள் என் மனைவி. அன்று முதல் தெருவில் எல்லோரும் என்னை மோர் குடிக்கச் சொன்னார்கள்.

ஆமைக்குத் தயிர்சாதம் பிசைந்து அவளே போடுவாள். எனக்கு வைப்பதைவிடக் கொஞ்சம் குழைவாகவே பிசைவாள். முதலில் தின்றது. பிறகு முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டது. கண்கள் வீங்கி மூடிக்கொண்டன. ஆமைக்கு மெட்ராஸ் ஐ வந்துவிட்டது என்று நான் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. ஓட்டின் ஓரத்தை விரலால் தொட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னாங்க, ஓடு அமுங்குதுங்க."

நானும் தொட்டுப் பார்த்தேன். ஊறிய தோல் செருப்புபோல் அமுங்கியது.

விழுப்புரத்திலேயே மாட்டாஸ்பத்திரி உண்டு. அங்கே போனால் எனக்கு முன்னால் சேதி ஜல்தியாக வீட்டுக்கு வந்துவிடும். எனக்கு வேலை திண்டிவனத்தில். அதனால் ஈரத்துண்டில் சுற்றி ஒயர் கூடையில் வைத்து, தினமும் போகும் பாசஞ்சரிலேயே கொண்டுபோனேன்.

"இன்னா சார் கூடையில? சொட்டுது பாரு" என்றார் எதிரே இருந்தவர்.

"தயிரு."

கொஞ்ச நேரம் கூடையையே பார்த்தவர், "தயிரு நவுருது சார்" என்றார்.

பெட்டியே சிரித்தது. எனக்கோ அது நகர்ந்ததே சந்தோஷமாக இருந்தது. இரண்டு நாளாக அது அசையவே இல்லை.

திண்டிவனம் மாட்டாஸ்பத்திரியில் மாடுகளுக்கு நடுவே கூடையோடு வரிசையில் நின்றேன். டாக்டர் பார்த்ததும், "எத்தினி லிட்டர் கறக்குது?" என்று கேட்டார். ஓட்டை அழுத்திப் பார்த்த பிறகு அவருக்கும் வேடிக்கை பேச வரவில்லை.

"நான் மாட்டு டாக்டர் சார். இதுக்கு நான் படிச்சதில்ல. ஆனா, வெயில்ல வுடறீங்களா?"

"இல்ல சார். கெணத்து ஆமை, இப்ப குளியலறையில வெச்சிருக்கோம்."

"கெணத்துல உச்சி வெயிலாவது வுழுமே. வெயிலில்லாம வெறும் சோத்தத் தின்னா ஓடு எப்படிக் கெட்டியாவும்? மீனு, நத்தை குடுங்க. பொழைக்கும்னு நான் சொல்ல மாட்டேன்."

கண்ணுக்கு ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்.

எங்களுக்கு வெயில் என்றால் பின்முற்றம்தான். அது வீட்டுக்காரம்மாவின் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்தது. நான் அன்று மாலை முழுக்க வீடு மாற்றுவது, மொட்டை மாடிக்குத் திருட்டுத்தனமாக ஏறுவது என்று திட்டங்களாகப் போட்டேன். என் மனைவி திட்டமே போடவில்லை. மறுநாள் காலை துணி ஊறவைக்கும் பேசினில் ஆமையை வைத்து, முற்றத்தின் நடுவே கொண்டுபோய் இறக்கிவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

வீட்டுக்காரம்மா வெளியே வந்தார். ஆமையைப் பார்த்தார். பிறகு, வழக்கம்போல் குளியலறையில் பாதி நுழைந்திருந்த என்னைப் பார்த்தார்.

"எத்தினி நாளா இது இங்க கீது?"

"எங்கப்பா வந்துட்டுப் போனாரே, அப்போலேர்ந்துக்கா. கெணறு வத்திப்போச்சி."

அவர் பேசினருகே உட்கார்ந்தார். வீங்கிய கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போவ வேண்டியதெல்லாம் அன்னிக்கே வண்டியேறிப் போயிடுச்சி. இது புச்சா இன்னாத்த எடுத்துனு போவப்போவுது? என்னக் கேட்டிருந்தா மொத நாளே வெயில்ல வெக்கச் சொல்லியிருப்பேன். நடுவுல வெக்காத, காக்கா கொத்தும். சொவத்தோரமா வை."

எனக்கு எதற்கும் ஒரு கிண்டல் இருக்கும். அன்று குளியலறையிலிருந்து வெளியே வந்து பேசினைச் சுவரோரம் நகர்த்தினேன்.

அதன்பின் அவரே தெருவில் மீன்காரியை நிறுத்திச் சின்னக் கெண்டைகளைப் பொறுக்கி வாங்கினார். குடையை விரித்துக்கொண்டு பேசின் பக்கத்தில் உட்கார்ந்து காக்கை விரட்டினார். ஆமை மீனைத் தொடவில்லை. கழுத்தை நீட்டி வெயிலில் கிடந்தது. தேறிவருகிறது என்று எங்களில் ஒருவர் சொல்ல, மற்ற இருவரும் ஆமாம் என்போம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அந்தக் கழுத்து உள்ளே போகவே இல்லை.

ஏரிக்கரையில் புதைக்கலாம் என்று நான் கூடையை எடுத்தேன். வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து எதையும் வெளியே அனுப்பக் கூடாது என்று வீட்டுக்காரம்மா தடுத்துவிட்டார். கொல்லையில் முருங்கைக்குப் பக்கத்தில் அவரே இடம் காட்டினார். என் மனைவி மண் தள்ளினாள். நான் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு பெரிய வேலைக்காரன்போல் நின்றேன்.

மழை ஐப்பசியில் வந்தது. வந்த கையோடு மாமனாரும் வந்தார். வேட்டி முழங்கால்வரை நனைந்து, முகமெல்லாம் சிரிப்பாக இருந்தார்.

"மாப்ள, கெணத்துல ஓராள் மட்டத்துக்குத் தண்ணி ஏறிக்கினு கீது!"

நான் அவருக்குத் துண்டை நீட்டினேன். என் மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். தலையைத் துவட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"எங்க?" என்றார்.

அவள் கொல்லைப்பக்கம் கையைக் காட்டினாள்.

மழையிலேயே போய் முருங்கையடியில் நின்றார். வீட்டுக்காரம்மா ஜன்னல் வழியாக, "உள்ள வாங்க, நனையிறீங்க பாருங்க" என்று கூப்பிட்டார்.

"பரவால்லமா. ரொம்ப நாளா மழைய எதிர்பாத்துக்கினு இருந்தோம்" என்று சொல்லிவிட்டு அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.