இருமலுக்கு ஒரு தலையணை

இருதய சத்திரசிகிச்சைப் பயிற்சியின் கடைசி வருடத்தில், இளம் மருத்துவர்களின் ஆய்வுக்கென்று கொடுக்கப்படும் உதவித்தொகைக்கு நானும் விண்ணப்பித்தேன். கூடப் படித்தவர்கள் செயற்கை வால்வு, மரபணு என்று பெரிய தலைப்புகளோடு போனார்கள். என் தலைப்பு தலையணை.

நெஞ்செலும்பைப் பிளந்து சிகிச்சை செய்தவர்கள் இருமப் பயப்படுவார்கள். இருமாவிட்டால் சளி தேங்கி நுரையீரல் கெட்டுவிடும். அதனால் சுருட்டிய குளியல் துவாயொன்றைக் கொடுத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமச் சொல்வோம். துவாயைவிட இறுக்கமான சிறு தலையணை நல்லதா என்பதுதான் என் கேள்வி.

நேர்காணல் கணினி வழியாக நடந்தது. அன்று விடுமுறையில் மருதமுனை வீட்டில் இருந்தேன். மாதிரிக்கு ஒரு தலையணை, மிகச் சாதாரணமாக, தைத்துத் தரும்படி உம்மாவிடம் சொல்லியிருந்தேன். பத்து நிமிடத்துக்கு முன் கைக்கு வந்தது ரோஸ் நிறத்தில், சுற்றிவரச் சுருக்கு வைத்து, நடுவில் இரண்டு கிளிகள் கொஞ்சும் தலையணை.

"உம்மா, இது இருமுறதுக்கு!"

"இருமுற ஆக்களுக்கு வடிவு வேணாமா?"

திரையில் மூன்று பேர். நடுவில் இருந்த வயதான பேராசிரியர் தலையணையைக் காட்டச் சொன்னார். கிளிகளை என் பக்கமாகத் திருப்பிப் பிடித்தேன். மறுபக்கத்தில் 'இனிய இரவு' என்று பூத்தையல் போட்டிருந்ததை அப்போதுதான் திரையில் நானும் பார்த்தேன்.

அவர் முகம் மாறவில்லை. நோயாளி எப்படி இருமுவார் என்று செய்துகாட்டச் சொன்னார். அணைத்துக்கொண்டு அடிவயிற்றிலிருந்து மூன்று தரம் இருமினேன். கதவு திறந்தது.

"ஐஸ்கிறீம் தின்னாத எண்டு நேத்துச் சொன்னனா இல்லையா?" கையில் கொத்தமல்லி அவித்த தண்ணீரோடு உம்மா.

"உம்மா, நேர்முகப் பரீட்சை நடக்குது!"

"நடக்கட்டும். நீ குடி."

குடித்தேன். வேறென்ன செய்வது? பேராசிரியரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரிப்பு இருமலாக மாற, இரண்டு கைகளாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். உம்மா திரைக்குள் குனிந்தார்.

"உங்களுக்கும் நெஞ்சில ஒப்பரேசனா, சேர்?"

"ஓம் அம்மா, போன மாதம்" என்றார் அவர், தட்டுத்தடுமாறிய தமிழில்.

"அப்ப வெறுங்கையால புடிச்சாப் போதுமா? தலகணி ஒண்டு எடுங்க."

அவர் தான் உட்கார்ந்திருந்த கதிரையின் முதுகு மெத்தையை எடுத்து அணைத்து, பணிவாக இருமினார்.

"இப்ப எப்பிடி?"

"சுகமா இருக்கு."

எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு கணினியை மூடினேன். ஆனால் உதவித்தொகை கிடைத்தது. ஒரேயொரு நிபந்தனை: தலையணைகள் எல்லாம் வெறும் வெள்ளையாக இருக்க வேண்டும். உம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. "சுகமில்லாமக் கிடக்கிற மனிசருக்கு வெள்ளைத் துணியையா காட்டுற?" என்பது அவருடைய நியாயம்.

ஆய்வு தொடங்கிய அன்று, சாய்ந்தமருது மீன் வியாபாரி ஒருவருக்குத் துவாய் கிடைத்தது. பக்கத்துக் கட்டில்காரருக்குத் தலையணை.

"ஏன் டொக்டர், நான் உங்கட பக்கத்து ஊர் ஆள்தானே?"

யாருக்கு எது என்று கணினிதான் குலுக்கல் போடுகிறது, நான் தலையிட முடியாது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்தக் கொம்பியூட்டரக் கூட்டிட்டு வாங்க, நான் கதைக்கிறன்" என்று கத்தினார். கத்திய வேகத்தில், துவாயை அணைத்தபடி, அந்த நோயாளர் வாட்டே திரும்பிப் பார்க்க இருமினார். சளி முழுவதும் வெளியே வந்தது. துவாய்க்கு 'மிகச் சிறப்பு' என்று படிவத்தில் எழுதினேன். காரணம் எழுத அதில் இடமிருக்கவில்லை.