தொரை, நாக்க உள்ள போடு!

போன ஞாயிறு எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. இன்னும் படபடப்பு அடங்கவில்லை... கேளுங்கள்.

செல்வராணி அக்கா எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். வட்டவளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். “ரோட்டுல நின்னு எத்தன வெள்ளக்காரங்க என்னையப் படம் புடிச்சிருப்பாங்க தம்பி! ஒருத்தராவது எனக்கு ஒரு படம் குடுத்தாங்களா? என்னையும் என் நாயையும் ஒரு படம் எடுத்துத் தாங்க” என்றார். கூடை கூடாது, சும்மா உட்கார்ந்திருக்கிற மாதிரி வேண்டுமாம். நியாயமான ஆசைதானே?

கேமராவோடு போனேன். தேயிலைக்கு நடுவே ஒரு பாறை, நல்ல வெயில். அக்கா ஐடென்டிட்டி கார்டுக்கு உட்காருவது போல விறைத்து உட்கார்ந்தார்.

“ரிலாக்ஸா இருங்கக்கா!”

“இருக்கேனே!”

நாயோ வேறெங்கோ பார்க்கிறது. பேர் என்னவென்று கேட்டேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“தொரை.”

தூக்கிவாரிப் போட்டது! எஸ்டேட் மேனேஜரைத்தானே நாம் இங்கே துரை என்கிறோம்?

“ஒரு வேலையும் செய்யாது தம்பி. எல்லாரையும் பாத்துக் கொரைக்கும். வேற என்ன பேரு வைக்க?”

எனக்கும் குஷி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை யார் கேட்கப் போகிறார்கள்? கத்தினேன் — “தொரை, இங்க பாரு! தொரை, வாய மூடு! டேய் தொரை, நாக்க உள்ள போடு!” அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். கிளிக்... கிளிக்... கிளிக்...

திடீரென்று சிரிப்பு நின்றது. அக்கா முகத்தில் ஈயாடவில்லை. திரும்பினேன்.

ஐயோ! நிஜத் துரை! மோட்டார் சைக்கிளோடு நிற்கிறார். லீவு நாளில் இந்த மனுசனுக்கு மலையில் என்ன வேலை?

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான் ஹட்டன் டவுன்காரன், போய்விடுவேன். அக்காவுக்கு ஓய்வுக்கு இன்னும் ஐந்தே மாதம். “பேரு வெட்டிருவாங்க தம்பி” என்று முணுமுணுத்தார். பேர் வெட்டினால் வேலை போச்சு!

“நாய் பேர் என்ன?” — சிங்கள வாடையடிக்கும் தமிழில் துரை கேட்டார்.

அக்கா தடுமாறி எழுந்து நின்றார். “ராஜாங்க... தொரை.”

பொய்ப் பேரோடு மரியாதைக்குச் சேர்த்த ‘தொரை’தான் காலை வாரியது! தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, பாவி நாய் வாலை ஆட்டிக்கொண்டு அக்கா மேல் தாவியது.

செத்தோம் என்று நினைத்தேன். அவர் நாயைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

“எத்தனை வருசமா இந்தப் பேர்?”

“நா... நாலு வருசமுங்க.”

அவர் முகம் அப்படியே மலர்ந்தது. “நான் வந்து ஏழு மாசம்தானே! அப்போ இது பழைய துரை!” வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பிவிட்டார்.

அக்கா பாறையில் பொத்தென்று உட்கார்ந்தார். நாற்காலியில் இருப்பவரை என்ன கேலி செய்தாலும் பரவாயில்லை போலிருக்கிறது — அது முன்னால் இருந்தவருக்கு என்று அவர் நம்பினால் போதும்!

நல்லவேளை... போன மாதம் பக்கத்து லயத்து வீட்டில் பிறந்த நாய்க்குட்டிக்கு என்ன பேர் என்று அவர் கேட்கவில்லை.