சொட்டு மாமா காருக்கு அடியில் படுத்த கதை

குழாய் வேலை பார்க்கும் அந்த மனுஷனுக்குத் தெருவே சேர்ந்து வைத்த பெயர் சொட்டு மாமா. மூன்று வீடு தள்ளி ஒரு குழாய் சொட்டினால் போதும், இவருக்குச் சோறு இறங்காது. ஒரு துக்க வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருக்க, இவர் நைசாக எழுந்துபோய்க் கொல்லைக் குழாய்க்கு வாஷர் மாற்றிவிட்டு, திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து சோகத்தைத் தொடர்ந்தார். இப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு ஒருத்தி இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறாள் என்றால் அவளுக்குக் கோயிலே கட்டலாம்.

தன் தங்கை கல்யாணத்துக்கு வெளிநாடு போகிறோம் என்றதும் அவள் முதல் வேலையாகக் கணவரிடம் சத்தியம் வாங்கினாள். ஆறு நாளைக்கு எந்தக் குழாயையும் தொடக்கூடாது, எதற்கு அடியிலும் படுக்கக்கூடாது. விமானத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது.

"மாப்பிள்ளை வீட்டுல எல்லாரும் படிச்சவங்க. என்ன வேலைன்னு கேட்டா காண்ட்ராக்டர்னு சொல்லுங்க."

"என்ன காண்ட்ராக்ட்டுன்னு கேட்டா?"

"சிரிங்க."

கல்யாணம் என்றால் கூட்டம் கும்பல் எல்லாம் இல்லை. காலை பதினொரு மணிக்குப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, அவ்வளவுதான். பெண் பக்கத்துச் சாட்சி அக்காதான். அவள் வந்து சேராவிட்டால் அன்றைக்குக் கல்யாணமே கிடையாது, அடுத்த தேதி இரண்டு மாதம் கழித்து. மூன்று மணி நேரப் பயணம். வாடகைக் கார், ஓட்டுவது மாமா. பாதி வழியில் பெட்ரோல் போடவேண்டி வரும் என்று தங்கை முன்கூட்டியே பாடம் எடுத்திருந்தாள்.

"அக்கா, அந்த ரோட்டுல இருக்கிற பங்க்ல ஏமாத்துவாங்க. மீட்டர்ல சைபர் பாத்துட்டுப் போடச் சொல்லு. நோட்டைக் குடுக்கும்போது எவ்வளவுன்னு சத்தமா சொல்லிக் குடு."

அக்கா விடுவாளா? பங்கில் இறங்கி, மூக்குக்கண்ணாடியை மாட்டி, மீட்டரோடு முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு நின்றாள். பெட்ரோல் போடுகிறவனே இரண்டடி தள்ளி நின்றுகொண்டான். நோட்டை நீட்டும்போது அவள் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கார்க்காரன் கண்ணாடியை ஏற்றினான். எல்லாம் கச்சிதம். எங்களையா ஏமாற்றுவாய் என்று இரண்டு பேருமே மீட்டர் பக்கம் நெஞ்சை நிமிர்த்தி நிற்க, அந்தப் பக்கம் ஒருத்தன் வாளியும் துணியுமாகக் கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

அவன்தான் வந்து காருக்கு அடியில் கையைக் காட்டினான். தரையில் கறுப்பாக எண்ணெய் தேங்கி நின்றது. வண்டி நகராது, நகர்ந்தால் எஞ்சின் காலி என்று ஜாடையிலேயே விளக்கினான். பின்னால் இருந்த கொட்டகையிலிருந்து ஒரு மெக்கானிக் ஜாக்கியோடு வந்து நின்று ஒரு மணி நேரம் என்று விரலைக் காட்டினான். கூப்பிடுவதற்கு முன்பே எப்படித்தான் வந்தானோ.

மணி ஒன்பதே கால், இன்னும் பாதி வழி பாக்கி. அலங்காரம் செய்துகொண்டு வாசலைப் பார்த்து நிற்கும் தங்கைதான் அவள் கண்ணுக்குள் வந்தாள். மாமாவோ இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, சத்தியத்தைக் காப்பாற்ற வேர்த்து விறுவிறுத்து நின்றார். கண் மட்டும் அந்த எண்ணெயை விட்டு நகரவில்லை.

"என்னங்க."

"சொல்லு."

"படுங்க."

"சத்தியம்?"

"நான்தானே வாங்கினேன். திருப்பிக் குடுத்துட்டேன். படுங்க."

கல்யாணத்துக்கென்று தைத்த வெள்ளைச் சட்டையோடு மாமா சர்ரென்று உள்ளே போனார். அவர் வாழ்க்கையில் அவரைப் படுக்கச் சொல்லி மனைவி கெஞ்சியது அன்றைக்குத்தான். வெளியே தெரிந்த இரண்டு கால்களும் சந்தோஷத்தில் ஆடின.

"எண்ணெய் ஜில்லுனு இருக்கு."

"அப்படின்னா?"

"ஒன்றரை மணி நேரம் ஓடின வண்டி. உள்ளேருந்து வந்திருந்தா கை சுட்டிருக்கணும். மேல தொட்டுப் பாத்தேன், எல்லாம் காஞ்ச தூசி, ஒரு ஈரக்கோடு கூட இல்ல. ஒழுகினா வந்த தடம் இருக்கும்டி. இது ஒழுகினது இல்ல, ஊத்தினது."

வெளியே வந்தவர் நேராகப் போய் வாளிக்குள் கையை விட்டார். துணிக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பாட்டில் வந்தது, பாதி எண்ணெயோடு. துடைத்தவன் வானத்தைப் பார்த்தான். மெக்கானிக் ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே போய்விட்டான். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கதவைத் திறக்கக்கூட முடியாமல் காரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாமாவோ ஏறப்போனவர் நின்றுவிட்டார்.

"அந்தச் சுவரோரக் குழாய் சொட்டுது."

"ஏறுங்க."

பத்து ஐம்பத்தைந்துக்கு அலுவலக வாசலில் கார் நின்றது. தங்கை ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். கோட்டு போட்ட மாப்பிள்ளை வீட்டார், கழுத்திலிருந்து முழங்கால் வரைக்கும் எண்ணெயாக நின்ற மாமாவை மேலும் கீழுமாகப் பார்த்தார்கள். குமாஸ்தா சாட்சியின் விவரங்களை எழுதிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிமிர்ந்தார்.

"அக்கா, அத்தானுக்கு என்ன தொழில்னு கேக்கிறாரு," என்றாள் தங்கை.

மாமா சிரிக்கத் தயாரானார்.

"பிளம்பர்," என்றாள் அவள், நோட்டு கொடுத்தபோது போட்ட அதே சத்தத்தில். "பிளம்பர்னே எழுதிக்கச் சொல்லு. அவர் இல்லன்னா நான் இப்ப இங்க இல்ல."

சிரிக்க வேண்டும் என்பதே மாமாவுக்கு மறந்துபோனது. கண்ணைத் துடைக்கிறேன் என்று கையைக் கொண்டுபோய் முகமெல்லாம் எண்ணெயாக்கிக்கொண்டு நின்றார். கல்யாணப் போட்டோவிலும் அப்படியேதான் நிற்கிறார்.