புல் மிஷினுக்கு ஒரு பொட்டு

வெட்டிய புல்லின் வாசனை பதினான்காவது மாடிவரை ஏறி வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். இன்று காலை ஏறி வந்தது. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே, மோனோரயில் தூண்களை ஒட்டிய சரிவில், சில ஆட்கள் தோளில் மிஷினை மாட்டிக்கொண்டு புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பச்சை வாசனை, அதோடு கொஞ்சம் பெட்ரோல். அடுப்பிலிருந்த சாம்பாரையே தோற்கடித்துவிட்டது. "ஜன்னல சாத்துங்க, தூசி வருது" என்று என் மனைவி புஷ்பா அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள். "ஒரு நிமிஷம்லா" என்றேன். அந்த ஒரு நிமிஷம் நீண்டுகொண்டே போனது. உங்களிடம் சொல்வதற்கென்ன, நான் அப்போது பிரிக்பீல்ட்ஸிலேயே இல்லை. பண்டமாரானில் இருந்தேன்.

கிள்ளானை ஒட்டிய பண்டமாரானில் எங்களுடையது வரிசையின் கடைசி வீடு. கடைசி வீட்டுக்காரனுக்குப் பக்கவாட்டில் ஒரு துண்டு நிலம் கூடுதலாகக் கிடைக்கும். மற்றவர்கள் அதில் வாழை வைப்பார்கள், கோழி வளர்ப்பார்கள், ஓடாத காரை நிறுத்தி வைப்பார்கள். நான் புல் வளர்த்தேன். வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். அப்போது எனக்குப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. கழுத்தில் டை, தினமும் ரயில், நாள் முழுக்கக் காகிதம். ஞாயிற்றுக்கிழமையாவது கையில் கொஞ்சம் அழுக்குப் படவேண்டும் என்று ஓர் ஆசை. அந்த ஆசைக்கு ஏற்றாற்போல, பக்கத்துத் தாமான் குடியிருப்பில் வீடு மாறிப் போன ஒருவர் தன் பழைய புல் மிஷினை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். சிவப்பு எஞ்சின், நாலு சக்கரம், பின்னாலிருந்து தள்ளுகிற கைப்பிடி. கூடவே ஒரு கையேடு. அதில் பாதியைக் கரையான் தின்றிருந்தது. மிச்சப் பாதியை வைத்துக்கொண்டு நான் மெக்கானிக் ஆனேன்.

சிரிக்காதீர்கள், உண்மையிலேயே ஆனேன். எதைத் தொடுவதற்கு முன்பும் ஸ்பார்க் பிளக்கின் வயரைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் பிளேடு சுற்றி விரல் போய்விடும். இதைக் கரையான் தின்னாமல் விட்டுவைத்ததற்கு இன்றும் நன்றி சொல்கிறேன். பிளக்கைக் கழற்றி, கரியைச் சுரண்டி, உப்புத்தாளால் ஒரு தேய். பிளேடை அரத்தால் ராவி, நடு ஓட்டையில் ஆணி கொடுத்துச் சுவரில் மாட்டிப் பார்ப்பது. எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் ராவ வேண்டும். அடியில் அப்பிக்கொண்டிருக்கும் புல்லைச் சுரண்டுவதற்குத் தோசைத் திருப்பியை விட உத்தமமான ஆயுதம் உலகத்தில் கிடையாது. "எங்கடா என் தோசத் திருப்பி?" என்று அம்மா ஞாயிறுதோறும் கேட்பார். நானும் ஞாயிறுதோறும் "எந்தத் தோசத் திருப்பி?" என்பேன்.

மிஷினைச் சாய்ப்பதிலும் ஒரு முறை உண்டு. ஏர் ஃபில்டர் மேலே இருக்கும்படிதான் சாய்க்க வேண்டும். கையேட்டில் அதைச் சொல்லும் தாளைக் கரையான் தின்றுவிட்டது. ஒருநாள் தப்பான பக்கம் சாய்த்துவிட்டு, நிமிர்த்திக் கயிற்றை இழுத்தேன். எண்ணெய் எல்லாம் உள்ளே போய், அடேயப்பா, என்ன புகை! வெள்ளை வெளேரென்று தெருவையே மூடிவிட்டது. கொசுவுக்குப் புகை அடிக்க வந்துவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டு ஆன்டி ஓடிப்போய்ச் சோற்றுப் பானையை மூடி, ஜன்னலையெல்லாம் சாத்தி, பூனையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து நின்றார். புகைக்குள்ளிருந்து நான் இருமிக்கொண்டே வந்ததைப் பார்த்து, "நீதானா?" என்றார். அதிலிருந்து அந்தத் தெருவில் எனக்குப் பெயர் 'புகைத் தம்பி'.

கொசு என்றதும் புஷ்பாவின் அப்பா ஞாபகம் வராமல் இருக்குமா?

புஷ்பா எங்கள் அலுவலகத்திலேயே வேலை செய்தாள். அவள் ரவாங்கிலிருந்து ரயிலில் வருவாள், நான் கிள்ளானிலிருந்து. மத்தியானம் வாழையிலைச் சோற்றுக் கடையில் எதிரெதிரே உட்கார்ந்து ஆரம்பித்த பேச்சு, கல்யாணம்வரை வந்து நின்றது. தாயில்லாத பெண். அப்பாவும் மகளும்தான். அந்த அப்பா, நகராண்மைக் கழகத்தில் டிங்கிக் காய்ச்சல் கொசு ஒழிப்புப் பிரிவில் வீடு வீடாகப் போய்ச் சோதனை செய்து ஓய்வு பெற்றவர். வேலையிலிருந்துதான் ஓய்வு பெற்றார், சோதனையிலிருந்து இல்லை.

"எங்கப்பா ஜாதகம் பாக்க மாட்டாரு. லோங்காங்கதான் பாப்பாரு" என்றாள் புஷ்பா. வீட்டின் முன்னால் ஓடுகிற சாக்கடையைத்தான் நாங்கள் லோங்காங் என்போம். "போன வருஷம் ஒரு எடத்துக்குப் போனோம். பழைய டயர்ல தண்ணி நின்னுச்சு. காப்பி கூடக் குடிக்கல. எந்திரிச்சு வந்துட்டாரு."

"எங்க வீட்டுல டயரே இல்ல. புல்லு பாரு, கம்பளம் விரிச்சாப்ல இருக்கும். மிஷினெல்லாம் நானே கழட்டி மாட்டுவேன்" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். வாய்தான் எனக்கு முதல் எதிரி.

தீபாவளிக்குச் சில வாரம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருவதாக முடிவானது. அதற்கு முன்னால் ஆயுத பூஜை வந்தது. எங்கள் அம்மாவின் ஆயுத பூஜையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தையல் மிஷின், மோட்டார் சைக்கிள், கிரைண்டர், மின்விசிறி, டிவி ரிமோட் என்று ஒன்றையும் விடமாட்டார். எல்லாவற்றுக்கும் குளியல், எல்லாவற்றுக்கும் பொட்டு. பொட்டு நெற்றியில்தான் வைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆகவே ஒவ்வொரு சாமானுக்கும் நெற்றி எது என்று கண்டுபிடிப்பார். மோட்டார் சைக்கிளுக்கு விளக்கு. தையல் மிஷினுக்குச் சக்கரம். புல் மிஷினைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தவர், எஞ்சினின் உச்சியில் வட்டமாக இருந்த பெட்ரோல் மூடியைத் தேர்ந்தெடுத்தார். நல்ல கெட்டிச் சந்தனம், கட்டை விரலால் அழுத்தி ஒரு அப்பு, நடுவில் குங்குமம். சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். மிஷின் கல்யாணப் பெண்மாதிரி நின்றது.

அதன்பிறகு தினமும் மழை. புல் தளதளவென்று வளர்ந்தது. வருவதற்கு முந்தின நாள் வெட்டினால்தானே பளிச்சென்று இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். சனிக்கிழமை வெயில் அடித்தது. மிஷினை வெளியே தள்ளிவந்து கயிற்றை இழுத்தேன். ஒரே இழுப்பில் கிளம்பியது. ஆகா என்று ஒரு வரிசை வெட்டித் திரும்புவதற்குள் இருமியது, முனகியது, நின்றுவிட்டது.

பெட்ரோல் இல்லையோ என்று மூடியைத் திறந்து பார்த்தேன். பொட்டு கலையக் கூடாதே என்று ஓரத்தை மட்டும் இரண்டு விரலால் பிடித்து, அவ்வளவு பயபக்தியோடு திறந்தேன். பெட்ரோல் இருந்தது. மூடிவிட்டு இழுத்தேன், கிளம்பியது. ஒரு வரிசை, மறுபடி நின்றது. பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். ஃபில்டரைப் பாத்திரம் கழுவும் சோப்பில் அலசிக் காயவைத்தேன். கார்புரேட்டரைக் கழற்றிப் பழைய செய்தித்தாளில் பரப்பி, ஒவ்வொன்றாக ஊதி, ஒரு ஸ்குருவைத் தொலைத்து, கண்டுபிடித்து மாட்டினேன். பெட்ரோலையே மாற்றினேன். எது செய்தாலும் கிளம்பும், ஒரு வரிசைக்கு மேல் வராது.

"கண்ணுதான்டா. பூச அன்னிக்கு எல்லாரும் பாத்துட்டுப் போனாங்கள்ல?" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்ச் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். காய்ந்துபோன பொட்டின் மேலேயே இன்னொரு அப்பு அப்பினார். அதற்கப்புறம் அரை வரிசைகூட வரவில்லை. "ரொம்பப் பெரிய கண்ணா இருக்கும்போல" என்று இன்னொரு அப்பு. இருட்டும்போது எங்கள் புல் பாதி முடி வெட்டிவிட்டு எழுந்து ஓடிவந்தவன் தலைமாதிரி இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்தது. டயர்த் தண்ணீருக்கே காப்பி குடிக்காமல் எழுந்து போனவர், முழங்கால் உயரப் புல்லைப் பார்த்தால் செருப்பைக்கூடக் கழற்ற மாட்டார்.

சொன்ன நேரத்துக்குப் போனால் எல்லாரும் வீட்டைச் சுத்தமாகத்தான் வைத்திருப்பார்கள் என்பது அவருடைய தொழில் ரகசியம். ஆகவே ஞாயிறு காலை சொன்ன நேரத்துக்கு ரொம்ப முன்னாலேயே வந்து இறங்கினார். நான் கைலியும் கரியுமாகத் தரையில் மிஷினோடு உட்கார்ந்திருக்கிறேன். அவருக்குப் பின்னால் புஷ்பா, 'நான் என்ன செய்ய' என்று கண்ணாலேயே சொல்கிறாள்.

"பசியாறிட்டீங்களா அங்கிள்?" என்றேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டார்ச் லைட்டை எடுத்தார். பட்டப்பகலில்! லோங்காங்கில் அடித்துப் பார்த்தார். பூந்தொட்டித் தட்டுகளைத் தூக்கிப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தட்டிப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் லேசாகத் தலையாட்டினார். அப்புறம் பக்கவாட்டுக்கு வந்து புல்லைப் பார்த்து நின்றுவிட்டார்.

"என்னா தம்பி இது? இங்க நேத்து வெட்டினாப்ல இருக்கு, அங்க போன வருஷம் வெட்டினாப்ல இருக்கு?"

"மிஷினு நல்ல மிஷினுதான் அங்கிள். இருங்க, காட்டறேன்." இழுத்தேன். கிளம்பியது. அவர் கால்வரைக்கும்கூட வராமல் செத்துப்போனது. அவர் டார்ச்சைப் பையில் போட்டுக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினார்.

"சம்பந்தி, இருங்க!" என்று அம்மா பட்டுப்புடவையோடு ஓடிவந்தார். பேச்சே இன்னும் ஆரம்பிக்கவில்லை, அதற்குள் சம்பந்தி. கையில் அதே சந்தனக் கிண்ணம். அதைப் புஷ்பாவிடம் நீட்டினார். "நீ வைம்மா. ஒன் கை ராசியான கை. ஒரு பொட்டு வெச்சா ஓடிரும்."

புஷ்பா குனிந்து மூடியைப் பார்த்தாள். "ஆன்டி, பழசத் தொடச்சுட்டுத்தானே புதுசு வைக்கணும்?" என்று கைக்குட்டையால் துடைத்தாள். போகவில்லை. துப்பட்டாவிலிருந்த ஊக்கைக் கழற்றிச் சுரண்டினாள். அடுக்கு அடுக்காகச் சந்தனம் பெயர்ந்து வந்தது. அலுவலகத்திலும் அவள் அப்படித்தான், மேசையில் ஒரு கறை இருந்தால் விடமாட்டாள். ஊக்கின் முனை எதிலோ இறங்கியது. உஸ் என்று ஒரு சத்தம்.

"ஆன்டி, இங்க ஒரு ஓட்ட இருக்கு. இது மேல வைக்கவா, பக்கத்துல வைக்கவா?"

நான் அந்த ஓட்டையைப் பார்த்தேன். அம்மாவும் பார்த்தார். காப்பிக்கு வாங்கும் கெட்டிப் பால் டின்னுக்கு ஆணியால் இரண்டு ஓட்டை போடுகிறவர் அவர். ஒன்றில் பால் வர வேண்டும் என்றால் இன்னொன்றில் காற்றுப் போக வேண்டும். "ஏன்டா, பால் டின்னு மாதிரியா?" என்றார் மெதுவாக. அதேதான். காற்று உள்ளே போக வழியில்லாமல் பெட்ரோல் இறங்க மறுத்திருக்கிறது. நான் மூடியைத் திறந்தபோதெல்லாம் கொஞ்சம் காற்று போய், ஒரு வரிசைக்கு உயிர் வந்திருக்கிறது. அம்மா கண் கழிக்கக் கழிக்க, இருந்த கொஞ்ச வழியும் அடைத்துப்போயிருக்கிறது.

இழுத்தேன். கிளம்பியது. ஒரு வரிசை. இரண்டு வரிசை. நிற்கவே இல்லை! நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ஆன்டி ஜன்னலைச் சாத்தினார்.

சத்தம் கேட்டு, கேட்டைத் தாண்டிய மனிதர் திரும்பி வந்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "குடுங்க" என்றார். கால்சட்டையை முழங்கால்வரை மடித்தார். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் வீட்டுப் புல்லைப் பார்த்து எச்சரித்தே வந்த மனிதர், முதல்முறையாக அதைத் தன் கையால் வெட்டினார். முகத்தில் என்ன ஒரு சிரிப்பு! எங்கள் புல்லை முடித்து, வேலிக்கு வெளியே சாலையோரத்தையும் முடித்து, பக்கத்து வீட்டு ஆன்டியின் வாசலையும் கேட்காமலே வெட்டினார். அப்புறம் வியர்க்க வியர்க்க உட்கார்ந்து கேசரியை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். காப்பியும் குடித்தார். கல்யாணத்தைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, மூலையைக் காட்டிச் சொன்னார்.

"அந்த எடத்துல தண்ணி நிக்கும். ஒரு லோரி மண்ணு போடுங்க, மாப்பிள்ளை."

தம்பி போய் மாப்பிள்ளை வந்திருந்தது. புஷ்பா சந்தனம் பட்ட கைக்குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

அப்புறமென்ன, கல்யாணம் ஆனதும் மாமா மாதம் தவறாமல் ரவாங்கிலிருந்து ரயிலேறி வருவார். மகளைப் பார்க்க என்று பெயர். வந்ததும் நேராக மிஷினிடம்தான் போவார். கழற்றி மாட்டுவது நான், தள்ளுவது அவர். எனக்கு விட்டுக்கொடுக்கவே மாட்டார். பொட்டு மட்டும் எஞ்சினின் பக்கவாட்டுக்கு மாறியது. அதிலும் அம்மாவுக்குக் குறைதான். "நான் மட்டும் அன்னிக்கு மூடில பொட்டு வைக்கலன்னா ஒனக்கு ஏதுடா கல்யாணம்?" என்பார்.

அம்மா போன பிறகு பண்டமாரான் வீட்டை விற்றுவிட்டோம். வாங்கியவர் புல்லைப் பெயர்த்துவிட்டு சிமெண்டு போட்டு, இரண்டு கார் நிறுத்தியிருக்கிறார். மிஷின் பழைய இரும்பு லோரியில் ஏறிப் போனது. மூடியை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். மூடியில்லாத மிஷினை எவனாவது வாங்கி ஓட்டப்போனால் என்ன ஆவான் என்று விட்டுவிட்டேன். மாமாவும் போன வருஷம் போய்விட்டார்.

இன்று காலை கதையை இதுவரை நினைத்துக்கொண்டு நின்றபோது, கீழே ஒரு மிஷின் நின்றது. அந்த ஆள் கயிற்றை இழுத்தார். கிளம்பியது, நின்றது. மறுபடி இழுத்தார். மறுபடி நின்றது. ஜன்னலைச் சாத்தச் சொன்ன புஷ்பா கரண்டியோடு ஓடிவந்து, வெளியே எட்டி, "அண்ணே, மூடியப் பாருங்க! மூடி!" என்று கத்தினாள். பதினான்காவது மாடியிலிருந்து யாருக்குக் கேட்கும்? இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

"அப்பா இருந்தா இந்நேரம் லிப்ட்ல எறங்கியிருப்பாரு" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

இறங்கியிருப்பார். கால்சட்டையை மடித்துக்கொண்டே, "வாங்க மாப்பிள்ளை" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போயிருப்பார். இப்போது என்னை அப்படிக் கூப்பிட ஆள் இல்லை.