நூற்றுப் பன்னிரண்டு வரை எண்ணினேன்

மாசி வெயில் ஏறிய சிமெண்ட் தரை மாலை ஐந்து மணிக்கும் உள்ளங்காலைச் சுடும். திண்டிவனத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த அந்தத் தரையில்தான், கஞ்சி போட்டு விறைத்த வெள்ளை உடுப்போடு, நாங்கள் பதினெட்டுப் பெண்கள் கராத்தே கற்றோம்.

எட்டாவது படிக்கும்போது மாஸ்டர் என்னைக் "கேப்டன்" ஆக்கினார். குதிரைமேல் உட்கார்ந்தாற்போல முழங்காலை மடக்கி எல்லோரும் "கிபாடாச்சி"யில் நிற்க, எண்ணுவதும், கடைசியில் "யாமே" என்று சொல்லி நிறுத்துவதும் கேப்டனின் வேலை. "அவ யாமே சொல்ற வரைக்கும் எவளும் எழுந்துக்கக் கூடாது. அவளும் கூடவே நிக்கணும். அப்பத்தான் லீடரு" என்பார் மாஸ்டர். நானும் கூடவே நின்றதால், என் கால் தாங்குகிற வரைக்கும் எல்லோர் காலும் தாங்கும் என்று நம்பிவிட்டேன்.

பெருமுக்கல்லில் இருந்து பஸ்ஸில் வரும் ஸ்டெல்லா என் உயிர்த்தோழி. தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், உடுப்பு மாற்றும்போது என் காதருகே வந்து, "இன்னைக்கு ஒருசந்திடி, காலைலேர்ந்து ஒண்ணும் துன்னல. ஜல்தி முடிச்சிடு" என்றாள். நான் தலையாட்டினேன்.

அன்று மாஸ்டர் வாசலில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். வழக்கமாக அறுபதோடு நிறுத்துகிறவள், என் குரலுக்குப் பதினேழு பேர் அசையாமல் நிற்கும் அழகைப் பார்த்து எண்பதைத் தாண்டினேன். அந்தச் சுகத்தை மறைத்துச் சொன்னால் பொய்யாகும். நூறில் ஸ்டெல்லாவின் முழங்கால் நடுங்கியது தெரிந்தது. அவள் கண் என் வாயையே பார்த்தது. இப்போது நிறுத்தினால் சிநேகிதிக்காக நிறுத்தினாள் என்பார்களே என்ற வீம்பில் மேலும் எண்ணினேன். நூற்றுப் பன்னிரண்டில் அவள் முகம் குப்புற விழுந்தாள். முன்பல் பாதி உடைந்து தரையில் கிடந்தது.

மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். ஸ்டெல்லா வெளியே வரவில்லை. அவள் அம்மா திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. "ஒன்னையேதான் பாத்துக்கினு நின்னுச்சாம்மா" என்று மட்டும் சொன்னார்கள். அதன்பின் அவள் வகுப்புக்கும் வரவில்லை, என்னோடு பேசவும் இல்லை.

இன்று நான் விழுப்புரத்தில் விளையாட்டு ஆசிரியை. பிள்ளைகளை நிற்க வைத்தால் என் காலைப் பார்ப்பதில்லை, அவர்கள் முகத்தைப் பார்க்கிறேன். முப்பதுக்குள் விசில் ஊதிவிடுவேன். நல்ல டீச்சர் என்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் நூற்றுப் பன்னிரண்டு என்று உள்ளே ஒரு குரல் எண்ணுகிறது. மாஸ்டர் ஊரை விட்டுப் போய்விட்டார், அந்தத் தரையின்மேல் இப்போது கல்யாண மண்டபம் நிற்கிறது.

போன மாதம் வளவனூரில் ஒரு விருந்தில் ஸ்டெல்லாவே என்னிடம் வந்தாள். பல் கட்டிப் பல வருஷம் ஆகியிருக்க வேண்டும், வரிசை அழகாக இருந்தது.

"இன்னமும் எண்ணிக்கினுதான் இருக்கியா?" என்று கேட்டுச் சிரித்தாள். சிரிக்கும்போதே அவள் கை தானாக எழுந்து வாயை மூடிக்கொண்டது. கையை எடுடி என்று சொல்ல நினைத்தேன். அன்று "யாமே" சொல்ல வராதது போலவே, அப்போதும் எனக்கு வாய் வரவில்லை.