பிராதில் சிறுத்துப்போன என் எழுத்து

“கை நோவ எழுதிக்கினு கெடக்கறியே, இந்த எழுத்து ஒரு நாளு உன்னக் காப்பாத்தப் போவுதா இன்னா?”

நான் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது என் மாமா, அம்மாவின் தம்பி, இப்படிக் கேட்டார். கல்வராயன் மலையில் எங்கள் வீட்டில் முதலில் பேனா பிடித்தவள் நான்தான். அப்பா கைநாட்டு. அண்ணன் பள்ளிக்கூடம் போகாமல் அப்பாவோடு சாமைக் காட்டில் நின்றான். நான் பி.எட். வரை படித்தேன். என் எழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று கள்ளக்குறிச்சிக் கல்லூரியில் சொல்வார்கள். அந்தப் பெருமை எனக்கு இன்றும் உண்டு.

அண்ணன் நான்கு வருடங்களுக்கு முன் இறந்துவிட்டான். முதலில் பேச்சு குழறியது. பிறகு கை விறைத்தது, பிடித்த களைக்கொத்து நழுவியது. காத்துக் கருப்பு என்றார்கள், மந்திரித்தோம். கடைசியில் கண்ணெல்லாம் மஞ்சளாகிவிட்டது. என்ன நோய் என்று தெரியாமலே அவனைப் புதைத்தோம்.

போன வருடம் ஆசிரியர் தேர்வுக்குப் படிக்கும்போது என் எழுத்து சிறுக்க ஆரம்பித்தது. வரியின் தொடக்கம் சரியாக இருக்கும், முடிவில் எறும்பு மாதிரி ஆகிவிடும். பெரிதாக எழுத நினைத்தாலும் கை கேட்கவில்லை.

“இன்னாக்கா, பேப்பர மிச்சம் புடிக்கிறியா?” என்று தங்கச்சி சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். உள்ளே பயம். எனக்கென்று இருந்தது அந்த எழுத்து ஒன்றுதான். அதுவும் போகிறது என்று யாரிடம் சொல்வேன்? தனியாக அழுதேன். தேர்விலும் தேறவில்லை.

ஆடி மாதம் அம்மா என்னை விருத்தாசலம் பக்கத்திலுள்ள கொளஞ்சியப்பர் கோயிலுக்கு அழைத்துப்போனாள். குறையைத் தாளில் பிராதாக எழுதி, சாமி காலடியில் வைத்துப் பூசை செய்து, முனியப்பர் சந்நிதி வேலில் கட்டுவது அங்கே வழக்கம். குறை தீர்ந்தால் வந்து ‘ராஜினாமா’ எழுதிப் பிராதைத் திரும்பப் பெற வேண்டும். வேலை வேண்டும் என்று எழுதினேன். கையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுத மனம் வரவில்லை.

பக்கத்தில் நைனார்பாளையத்து அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். “எனக்கும் ஒண்ணு எழுதிக் குடு கண்ணு. எங்க வூட்டுக்காரருக்குக் கை நடுக்கம். கொணமாவணும்னு எழுது” என்றார். எழுதிக் கொடுத்தேன். தாளை எட்டப் பிடித்துப் பார்த்தார்.

“இன்னா கண்ணு இது? மேல பெருசா கீது, கீழ வர வர சிறுத்துக்கினே போவுது. சாமி கண்ணாடி போட்டுக்கினா படிப்பாரு?”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. “உங்களுக்குப் படிக்கத் தெரியுங்களா?” என்று கேட்டேன்.

“தெரியாது. ஆனா எங்க வூட்டுக்காரரு கையெழுத்தும் இப்பிடித்தான் சிறுத்துது. பேங்க்ல இது ஒன் கையெழுத்தே இல்லன்னுட்டாங்க. அப்பறம் நரம்பு டாக்டருதான் நோவுன்னு சொன்னாரு. ஒரு தடவ போய்க் காமிச்சிடு கண்ணு.”

பிராது கட்டும் முன்பே பதில் வந்துவிட்டது. அது எனக்கு அன்று புரியவில்லை.

அதைக் கேட்டிருந்த என் அம்மா விடவில்லை, புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். அங்கே டாக்டர் என்னை ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதச் சொன்னார். கண்ணைக் கருவியில் பார்த்தார். கருவிழியைச் சுற்றிப் பழுப்பு வளையம் இருந்தது. ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்த பிறகு சொன்னார்: “உடம்புல செம்பு வெளிய போகாம கல்லீரல்லயும் மூளையிலயும் தங்குதும்மா. பரம்பரையா வர்ற நோய். ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிடணும். நல்லவேளை, சீக்கிரம் வந்துட்டே. வீட்ல வேற யாருக்காவது இருந்துச்சா?”

அண்ணனைப் பற்றிச் சொன்னேன். அவர் அதையும் குறித்துக்கொண்டார். “அதே நோயாத்தான் இருந்திருக்கணும். அவருக்கும் எழுத்து சிறுத்துச்சா?”

“அண்ணன் எழுதினதே இல்லீங்க டாக்டர்.”

வெளியே வந்ததும் அம்மா கேட்டாள்: “அப்ப அவனுக்கும் மாத்திர இருந்துச்சா?”

இரண்டு பேரும் சுவரோரம் உட்கார்ந்து அழுதோம். நோய் என் எழுத்தில் வந்து நின்றது, யாரோ பார்த்தார்கள். அண்ணனுக்கு வந்து நிற்க எழுத்து இல்லை.

மாமா தான் கேட்டதை மறந்திருப்பார். நான் மறக்கவில்லை. ஆமாம் மாமா, காப்பாற்றியது.

இப்போது மாத்திரை சாப்பிடுகிறேன். விறைப்பு குறைந்திருக்கிறது. எழுத்து பழையபடி ஆகவில்லை, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போல நான்கு கோட்டு நோட்டில் பழகுகிறேன். வேலையும் கிடைக்கவில்லை. ஆனாலும் போய் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன். கேட்காததை அல்லவா சாமி கொடுத்திருக்கிறார். உங்கள் மனதில் என்ன பாரம் இருந்தாலும் அவரிடம் சொல்லுங்கள். அவர் யார் வாயால் பதில் சொன்னாலும் கோபப்படாமல் கேளுங்கள். டாக்டரிடமும் போங்கள்.

தங்கச்சிக்கும் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். புதுச்சேரியில் அவள் ரத்தத்தைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வரும் முன்பே நேராகக் கோயிலுக்குப் போனோம். பிராதை அவளையே எழுதச் சொன்னேன். முதல் வரியையும் கடைசி வரியையும் விரலால் அளந்து பார்த்தேன். ஒரே அளவாகத்தான் இருந்தன. இன்னொரு தடவை அளந்துவிட்டு, வேலில் கட்டினேன்.