நான்காம் எண் தையல் மெஷின்

சுனாமிக்கு அடுத்த வருஷம் நான் நான்காம் வகுப்பு. எதைப் பார்த்தாலும் வரிசைப்படுத்தி எழுதிவைக்கும் பழக்கம் அப்போதே வந்துவிட்டது. கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எங்கள் தெருவில் இருந்த சைக்கிள்கள், அவற்றின் நிறம், மணி அடிக்குமா அடிக்காதா என்று ஒரு பட்டியல் இருந்தது. இன்று எனக்குச் சம்பளம் தருவதும் ஏறக்குறைய இதே வேலைதான். அன்று அதை நம்பி ஒரு சங்கத்தின் வரலாற்றையே என் கையில் கொடுத்தார்கள்.

புதுச்சேரியில், உப்பளம் பகுதியில் இருந்த மாதர் சேவைச் சங்கம் அது. அம்மா அதன் செயலாளர். சனிக்கிழமை சாயங்காலம் கூடுவார்கள். தையல் வகுப்பு நடத்துவார்கள், கண் சிகிச்சை முகாம் போடுவார்கள், வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ தையல் மெஷின் கொடுப்பார்கள். சுனாமியின்போது வீராம்பட்டினத்துக்குப் பாத்திரமும் பாயும் கொண்டுபோனார்கள். அந்த ஒரு வாரம் எங்கள் வீட்டில் அப்பா சமையல். சங்கத்தை ஆரம்பித்தவர் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் ஒரு வயதான அம்மாள். எல்லோருக்கும் அவர் மதாம். முதல் நாளிலிருந்து அவர்தான் தலைவி. மூட்டு வலி தாங்காமல் அந்த ஆண்டு விழாவோடு விலகப் போகிறார், அடுத்தது அம்மாதான் என்று பேச்சு. அப்பா மட்டும், "மில் தொழிலாளி பொண்டாட்டியத் தலைவியாக்கிடுவாங்களா, பாக்கலாம்" என்பார். அம்மா விழாவுக்கென்று ஒரு புடவை வாங்கி, ஃபால்ஸ் தைத்து, மடித்து வைத்திருந்தாள்.

சங்கத்தின் வரலாற்றைப் படங்களோடு விழாவில் ஒட்டிவைக்க வேண்டும் என்று மதாம் விரும்பினார். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னைக் கூப்பிட்டு, தன் பீரோவிலிருந்த ஆல்பங்களையும் பழைய பதிவேட்டையும் தூக்கிக் கொடுத்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் திறந்து பார்க்கவில்லை.

மெஷின் கொடுக்கும் படங்கள் எல்லாம் ஒரே மாதிரி. வாங்குகிறவர் கூசக்கூடாது என்று மதாம் ஏற்படுத்திய முறை அது. மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கொடுப்பவர் ஒரு பக்கம், வாங்குபவர் ஒரு பக்கம் நின்று, இருவரும் அதன் மேல் கை வைத்துக்கொள்வார்கள். பிறகு வாங்கியவர் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார். நான் படங்களைப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, சார்ட்டில் மூன்று கட்டம் போட்டேன். வரிசை எண், வழங்கியவர், பெற்றவர். நான்காவது படத்தில் மதாமுக்கு எதிரே நின்றது என் அம்மா. ஒல்லியாக, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடையோடு. பதிவேட்டில் நான்காவது கையெழுத்தும் அவளுடையது. எங்கள் வீட்டு மெஷின் அம்மாவின் கல்யாணச் சீர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

எனக்குத் தெரிந்தவரை மேடையில் கொடுப்பவர் யாரோ ஒரு விருந்தாளி, வாங்குகிறவர்தான் கெட்டிக்காரர். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் அப்படித்தான். ஆகவே அம்மா தையலில் நான்காம் பரிசு வாங்கியிருக்கிறாள், தன்னடக்கத்தால் வெளியே சொல்லவில்லை. அவள் பெயரை மட்டும் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் எழுதினேன். விழா அன்றைக்கே பார்த்துக்கொள்ளட்டும் என்று அவளிடம் காட்டவில்லை.

விழா நடந்த மதியம் சார்ட்டைக் கூடத்துச் சுவரில் ஒட்டினேன். முதலில் அதன் முன் வந்து நின்றவர் மருந்துக்கடைக்காரர் மனைவி, சங்கத்தின் உபதலைவி. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"பாருங்களேன், நம்ம செக்ரட்டரியம்மா நம்மகிட்டயே மெஷின் வாங்கினவங்களாம். இத்தினி வருஷமா வாயத் தொறக்கலையே."

நான் பெருமையோடு தலையாட்டினேன். பக்கத்தில் இருந்தவர்களும் படத்தைப் பார்க்க நெருங்கி வந்தார்கள். மதாம் கோலை ஊன்றிக்கொண்டு வந்து, படத்தைக் கிட்டே போய்ப் பார்த்தார். பிறகு என் தோளில் கை வைத்தார்.

"பாப்பா, தப்பா எழுதிட்ட. இது தையல் வகுப்பு தொறந்த அன்னிக்கு எடுத்தது. உங்கம்மா அப்பவே டீச்சர். மாத்தி எழுதும்மா."

"இல்ல மதாம், பதிவேட்டுல அம்மா கையெழுத்து இருக்கு. நாலாம் நம்பர்."

எடுத்துவந்து காட்டட்டுமா என்றும் கேட்டேன். மதாமின் கை என் தோளில் இறுகியது. அதற்குள் அம்மா கேசரித் தட்டுகளோடு வந்துவிட்டாள். சின்னப் பிள்ளை தெரியாமல் எழுதிவிட்டாள் என்று மதாம் சொல்ல ஆரம்பித்தார். அம்மா படத்தைப் பார்த்தாள். என் சிவப்பு எழுத்தையும் பார்த்தாள்.

"அவ சரியாத்தான் எழுதியிருக்கா மதாம். அப்ப மில்லு மூடிக் கெடந்துச்சு. நான்தான் வாங்கினேன்."

சொல்லிவிட்டு, பிரிந்து வந்த சார்ட்டின் மூலையைக் கட்டைவிரலால் அழுத்தினாள். தட்டுகளை ஒவ்வொருவருக்கும் நீட்டிக்கொண்டே போனாள். அத்தனை பேர் முன்னால் அம்மா என்னை மெச்சியது அதுதான் முதல் முறை.

பிறகு தேர்தல். மதாம் அம்மாவின் பெயரைச் சொன்னார். உபதலைவி எழுந்து, தான் யாரையும் குறை சொல்லவில்லை, ஆனால் உதவி வாங்கியவர்கள் தலைமைக்கு வரலாமா என்று விதியைப் பார்க்க வேண்டாமா என்று கேட்டார். அப்படி விதி எதுவும் கிடையாது என்றார் மதாம். இல்லையென்றால் எழுதிக்கொண்டால் போகிறது என்று பின்வரிசையில் ஒரு குரல். கைகளை உயர்த்தச் சொன்னார்கள். நான் இரண்டு பக்கமும் எண்ணிக் குறித்துக்கொண்டேன். உபதலைவி தலைவியானார். அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டியவர் செயலாளர். அம்மா எழுதினாள், ஓர் அடித்தல்கூட இல்லாமல்.

வீட்டுக்குத் திரும்பும்போது புதுப் புடவையைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தாள். அவளுக்குப் பதவி கிடைக்கவில்லை என்பது எனக்குப் புரிந்தது. அதற்கும் என் சார்ட்டுக்கும் சம்பந்தம் இருப்பதாகத் தோன்றவில்லை. ஆறுதலாக எதையாவது பேச நினைத்தேன்.

"உனக்கு முன்னாடி வாங்கின மூணு பேரும் உன்னவிட நல்லாத் தைப்பாங்களாம்மா?"

அம்மா நின்றாள். சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"இல்லடி. அவங்க வீட்டுல என்னவிடக் கஷ்டம்."

வீட்டில் என்ன கஷ்டம் இருந்தாலும் பரிசை அதைப் பார்த்தா கொடுப்பார்கள்? நன்றாகத் தைக்கிறவளை நான்காவதாகப் போட்டிருக்கிறார்கள். நடுவர்கள்தான் தப்பு செய்துவிட்டார்கள் என்று அம்மாவிடம் உறுதியாகச் சொன்னேன்.